உயிர் சுமந்த வண்டிகள்

நுழையும்முன்

போர், வெள்ளம், புயல், கொள்ளைநோய் ஆகியவை மனிதரை வீட்டைவிட்டு வெளியேறச் செய்கின்றன. ஊர்தியும் எரிபொருளும் கிடைக்காத வேளைகளில் கால்களே துணையாகின்றன. அத்தகைய வேளைகளில், கைக்குக் கிடைத்த மரத்தையும் சக்கரத்தையும் கயிற்றையும் கொண்டு மக்கள் அமைத்துக்கொண்ட எளிய வண்டிகள் உயிர்களைக் காத்திருக்கின்றன. எதை ஏற்றுவது, எதை விட்டுச் செல்வது, யாரை அமர்த்துவது என்னும் வினாக்களுக்கு அவ்வண்டிகளின் வரலாறு தரும் விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இருபது கிலோமீட்டர் தொலைவு

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் அமைந்திருக்கிறது கீழ்பென்னாத்தூர். பேருந்தில் செல்வோருக்கு இது குறுகிய பயணம். வெறுங்கையுடன் நடப்பவருக்கோ நான்கைந்து மணி நேரம் ஆகும். முழுநிலவு நாளில் அண்ணாமலையை வலம்வரும் அடியவர்கள் 14 கிலோமீட்டர் தொலைவை ஓரிரவில் நடந்து முடிக்கின்றனர். ஆயினும் அவர்கள் சுமை சுமப்பதில்லை. வழியெங்கும் நீரும் உணவும் கிடைக்கின்றன. விடிந்ததும் திரும்புவதற்கு வீடு இருக்கிறது.

ஐவர் கொண்ட ஒரு குடும்பம் இதே தொலைவைத் தன் உடைமைகளுடன் நடந்து கடக்க நேர்ந்தால் என்னாகும்? தந்தை, தாய், பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மகள், இரண்டு வயதுக் குழந்தை, நெடுந்தூரம் நடக்க இயலாத பாட்டி ஆகியோரை அக்குடும்பத்தினராகக் கொள்வோம். குடிப்பதற்கும் உணவு ஆக்குவதற்கும் மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் நீர் வேண்டும். ஐவருக்கு இரண்டு நாளுக்கு 30 லிட்டர். அதன் எடை 30 கிலோ. அரிசி, பருப்பு, பாத்திரம் ஆகியவை 10 கிலோ. போர்வை, தார்ப்பாய், மாற்றுடை ஆகியவை 15 கிலோ. குழந்தை 11 கிலோ. பாட்டி 45 கிலோ. மொத்தம் 111 கிலோ.

நெடுந்தூரம் நடப்பவர் தம் உடல் எடையில் நான்கில் ஒரு பங்கைச் சுமப்பதே அரிது. தந்தையும் தாயும் மகளும் சேர்ந்து 40 கிலோவைச் சுமப்பர் எனக் கொண்டாலும், எஞ்சிய 71 கிலோவை யார் சுமப்பது? நீரை விட்டுவிட்டால் தாகம் கொல்லும். பாட்டியை விட்டுவிட்டால் மனம் கொல்லும். இந்த இடைவெளியை நிரப்புவதற்கே மனிதர் சக்கரத்தை நாடினர்.

நுங்கு வண்டி கற்பித்த பாடம்

பனைமரம் உள்ள ஊர்களில் வளரும் சிறுவர்கள், தின்று முடித்த இரண்டு நுங்குக் கூந்தல்களை ஒரு குச்சியால் இணைத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு ஓடுவர். சக்கரம், அச்சு, தள்ளுகோல் என்னும் மூன்று உறுப்புகளும் அவ்விளையாட்டு வண்டியில் உள்ளன. பெரிய வண்டிகளின் தத்துவமும் அதுவே.

சக்கரம் சுமையின் எடையைக் குறைப்பதில்லை. அவ்வெடையை மனிதரின் முதுகிலிருந்து நிலத்துக்கு மாற்றுகிறது. காற்றடித்த சக்கரங்கள் பூட்டிய வண்டி, சமமான தார்ச்சாலையில் தன் எடையில் நூற்றில் சில பங்கு விசைக்கே நகரும். நூறு கிலோ வண்டியை ஒரு சிறுமியும் இழுத்துச் செல்ல இயலும். அதே வண்டி மணலிலும் சேற்றிலும் பன்மடங்கு விசையைக் கேட்கும். பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மேட்டில், எடையில் பத்தில் ஒரு பங்கு விசை கூடுதலாக வேண்டும். ஆகவே, வண்டியின் வலிமையை வண்டி மட்டும் தீர்மானிப்பதில்லை. அது செல்லும் வழியும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். உப்பு வணிகரான உமணர், வழியில் மேடு வருமோ பள்ளம் வருமோ என்று எண்ணி, தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்தனர். சேம அச்சு எனப்பட்ட அதனைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக எடுத்தாண்டு, அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் போற்றுகிறார். இடர் வருமுன் எண்ணிப் பார்ப்பவரே வழியைக் கடக்கின்றனர் என்பது உமணர் வாழ்வு உணர்த்தும் செய்தியாகும்.

தேய்ந்த அச்சுகள்

சேம அச்சின் அருமையை அறியாதோர் பட்ட துன்பத்தை அமெரிக்க வரலாறு கூறுகிறது. 1856 முதல் 1860 வரை, மார்மன் என்னும் கிறித்தவச் சமயப் பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ மூவாயிரம் பேர், கைவண்டிகளை இழுத்தபடி அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு நடந்தனர். மாடும் குதிரையும் வாங்கப் பொருளற்ற எளியவர்கள் அவர்கள். அயோவா நகரிலிருந்து சால்ட் லேக் நகர் வரை ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர் தொலைவு. ஐவருக்கு ஒரு வண்டி என்ற கணக்கில் வண்டிகள் அளிக்கப்பட்டன. வளர்ந்தோர் ஒவ்வொருவரும் தமக்கென எடுத்துச் செல்லத்தக்க உடைமை ஏறத்தாழ எட்டுக் கிலோ மட்டுமே என வரையறுக்கப்பட்டது.

1856ஆம் ஆண்டின் வண்டிகள் பல, நன்கு உலராத பச்சை மரத்தால் விரைந்து செய்யப்பட்டவை. வறண்ட சமவெளியின் வெப்பத்தில் அம்மரம் சுருங்கியது; சக்கரங்கள் தளர்ந்தன. அச்சில் புகுந்த மணல் மரத்தை அரித்தது. உராய்வைக் குறைப்பதற்கு உணவுக்கென வைத்திருந்த கொழுப்பையும் சவர்க்காரத்தையும் மக்கள் பூசினர். காலந்தாழ்ந்து புறப்பட்ட இரண்டு குழுவினர் அக்டோபர் மாதப் பனிப்பொழிவில் சிக்கினர். அவர்களுள் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஏனைய குழுக்களில் பெரும்பாலோர் நலமாகச் சென்று சேர்ந்தனர். வண்டியில் நடந்த பயணம் பிழையன்று; உலராத மரமும் தவறிய காலமுமே பிழை என்பது இதனால் புலப்படும்.

மலை மறுத்த சக்கரம்

வண்டி நன்றாக இருந்தும் வழி இடம்கொடாத நிலையைப் பர்மாவில் வாழ்ந்த இந்தியர் கண்டனர். 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, பர்மாவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். தமிழரும் அவர்களுள் பெருந்தொகையினர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் நகரின்மீது குண்டு வீசின. 1942 மார்ச் மாதத்தில் அந்நகர் வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைக்காத இலட்சக்கணக்கானோர் இந்தியா நோக்கி நடக்கத் தொடங்கினர்.

சமவெளியில் மாட்டுவண்டியும் படகும் உதவின. மலையடிவாரம் வந்ததும் நிலை மாறியது. செங்குத்தான ஒற்றையடிப் பாதைகளில் சக்கரம் உருளவில்லை. தாமு என்னும் ஊரிலிருந்து மணிப்பூரின் பலேலை நோக்கிச் சென்றோர் மலைகளைக் கால்களாலேயே கடந்தனர். வண்டியில் ஏற்றிவந்தவற்றுள் எதைத் தலையில் ஏற்றுவது, எதை அங்கேயே கைவிடுவது என்பதை அவர்கள் மலையடிவாரத்தில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது. பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். வண்டியில் ஏற்றும் பொருள்களை, வண்டி நின்றுபோனால் தோளில் ஏற்றத்தக்க சிறுசிறு மூட்டைகளாகக் கட்டவேண்டும் என்பது அப்பெரும்பயணம் விட்டுச்சென்ற அறிவுரை.

தெரியுமா?

தாமுவுக்கு எதிரே இந்திய எல்லைக்குள் அமைந்துள்ள ஊர் மோரே. 1960களில் பர்மாவிலிருந்து வெளியேறிய தமிழர்கள் அங்கே குடியேறினர். மணிப்பூரின் எல்லையில் உள்ள அவ்வூரில் தமிழ்ச் சங்கமும் தமிழர் கோயிலும் அமைந்தன.

மிதிவண்டியே வண்டியான இரவு

மிதிவண்டி ஓட்டிச் செல்வதற்கென உருவாக்கப்பட்டது. ஓட்டாமல் உருட்டிச் செல்லும்போது அது சிறந்த சுமைவண்டியாகிறது. 1954இல் வியட்நாமியர் தியன் பியன் பூ என்னுமிடத்தில் நிகழ்ந்த போரின்போது இதனை உலகுக்குக் காட்டினர். கைப்பிடியுடன் ஒரு மூங்கிலை நீட்டிக் கட்டி, இருக்கையின் பின்னே மற்றொரு கழியைச் செருகி, பக்கவாட்டில் நடந்தபடியே ஒருவர் 200 கிலோவுக்கும் மேற்பட்ட சுமையைத் தள்ளிச் சென்றார். இரண்டு சக்கரமும் ஒரே தடத்தில் செல்வதால், வண்டி நுழையாத ஒற்றையடிப் பாதையிலும் மிதிவண்டி நுழைந்தது.

போர்க்களத்துக்குப் பொருள் சேர்த்த இம்முறை, போர்க்களத்திலிருந்து தப்புவதற்கும் பயன்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1990 முதல் நீடித்த பொருளாதாரத் தடையால் எரிபொருள் அரிதாயிற்று. மிதிவண்டியே மக்களின் முதன்மை ஊர்தியானது. 1995 அக்டோபரில் இலங்கை அரசுப் படைகள் யாழ்ப்பாண நகரை நோக்கி முன்னேறின. அக்டோபர் 30 அன்று, நகரையும் வலிகாமம் பகுதியையும் விட்டு உடனே வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி வழியே அறிவித்தனர். அன்று மாலையிலேயே மக்கள் வெள்ளம் சாலைக்கு வந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்தனர் என்று மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி சென்றனர்.

மழை பெய்த அவ்விரவில், நகரிலிருந்து சாவகச்சேரி வரையிலான ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவை, அடியெடுத்து வைக்கவும் இடமின்றி மக்கள் ஊர்ந்து கடந்தனர். சிலரிடம் உழவு இயந்திரங்களும் மாட்டுவண்டிகளும் இருந்தன. மற்றவர்களுக்கு மிதிவண்டியே வீடு. முன்கம்பியில் குழந்தை, பின்னிருக்கையில் முதியவர், கைப்பிடியின் இருபுறமும் பைகள் என ஒரு மிதிவண்டி ஒரு குடும்பத்தைத் தாங்கியது. அந்நெரிசலில் எவராலும் மிதிவண்டியை ஓட்டிச் செல்ல இயலவில்லை. உருட்டிச் செல்வதற்கே இயன்றது. அகன்ற வண்டிகள் நின்றுபோன இடைவெளிகளில் ஒடுங்கிய மிதிவண்டி நகர்ந்தது. சாலையில் மக்கள் பெருகும்போது, வண்டியின் அகலமே அதன் பகையாகிறது என்பது அவ்விரவின் பாடம்.

ஒரு தந்தை செய்த வண்டி

எரிபொருளும் சாலையும் இருந்தும் ஊர்தி கிடைக்காத காலம் ஒன்றும் வந்தது. கொரோனாப் பெருந்தொற்றைத் தடுப்பதற்காக 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. தொடர்வண்டிகளும் பேருந்துகளும் நின்றன. நகரங்களில் வேலை இழந்த தொழிலாளர்கள் தம் ஊர்களை நோக்கி நடந்தனர்.

ஐதராபாத்தில் கூலிவேலை செய்த ஒருவர், கருவுற்ற மனைவியுடனும் சிறு மகளுடனும், ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மத்தியப் பிரதேசத்தின் பாலகாட் மாவட்டத்துக்குப் புறப்பட்டார். தொடக்கத்தில் மகளைத் தூக்கிக்கொண்டே நடந்தார். அவ்வாறு நெடுந்தூரம் செல்ல இயலாது என உணர்ந்ததும், வழியில் கிடைத்த மரத்துண்டுகளையும் கழிகளையும் சேர்த்து, சிறு சக்கரங்கள் பொருத்திய தாழ்வான வண்டி ஒன்றைச் செய்தார். மனைவியையும் மகளையும் அதில் அமர்த்திக் கயிற்றால் இழுத்துச் சென்றார். 2020 மே மாதத்தில் அவர் மாவட்ட எல்லையை அடைந்தபோது, அங்கிருந்த காவலர்கள் அவர்களுக்கு உணவளித்தனர். வெறுங்காலுடன் இருந்த குழந்தைக்குக் காலணி அளித்தனர். ஊர்தி ஒன்றை ஏற்பாடு செய்து ஊருக்கு அனுப்பிவைத்தனர்.

அந்த வண்டியில் அரிய பொறியியல் எதுவும் இல்லை. ஆயினும் அதைச் செய்தவர் முதலில் விடைகண்ட வினா மிகச் சரியானது. எப்பொருளை ஏற்றுவது என்று அவர் எண்ணவில்லை. நடக்க இயலாதவர் யார் என்று எண்ணினார். வண்டி அவ்விருவருக்காகவே உருவாயிற்று.

வண்டி அமைக்கும் முறை

மேற்கண்ட வரலாறுகளைத் தொகுத்து நோக்கினால், எளிய வண்டி ஒன்றை அமைக்கும் நெறிகள் தெளிவாகும். கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் வீடுகளிலும் களங்களிலும் அதற்கான பொருள்கள் உள்ளன.

முதலாவது, சக்கரம். பெரிய சக்கரம் கல்லையும் குழியையும் எளிதில் தாண்டும். சிறிய சக்கரம் முட்டி நிற்கும். பழைய மிதிவண்டிச் சக்கரங்கள் இதற்கு ஏற்றவை. ஆயினும் அவற்றின் அச்சு மெல்லியது. அதனை இருபுறமும் தாங்கவேண்டும். ஒருபுறம் மட்டும் தாங்கினால் வளைந்துவிடும்.

இரண்டாவது, சட்டம். இரண்டு மூங்கில்களையோ சவுக்குக் கழிகளையோ நீளவாக்கில் வைத்து, குறுக்குக் கழிகளைக் கட்ட வேண்டும். பழைய டியூபை நாடாவாக அறுத்து இழுத்துக் கட்டினால் கட்டு நெகிழாது. கட்டிலுக்குப் பின்னுவதுபோல் நடுவில் கயிறு பின்னினால், முதியவர் சாய்ந்திருக்க இடமாகும்.

மூன்றாவது, சமநிலை. நீர்க்கேன் போன்ற கனமான பொருள்கள் அச்சுக்கு நேர்மேலே தாழ்வாக இருக்கவேண்டும். சுமை பின்னால் மிகுந்தால் கைப்பிடி மேலெழும். முன்னால் மிகுந்தால் எடை முழுவதும் கைக்கு வரும். அச்சுக்குச் சற்று முன்னே சுமையின் நடுவம் அமைவதே நன்று.

நான்காவது, இழுவை. கைகளால் மட்டும் இழுத்தால் விரைவில் சோர்வு தோன்றும். அகன்ற துணிப்பட்டையைத் தோளின் குறுக்கே மாட்டிக்கொண்டால் உடல் முழுவதும் இழுக்கும். இறக்கத்தில் ஒருவர் பின்னாலிருந்து கயிற்றால் பிடித்துக்கொள்ள வேண்டும். இழுப்பதைவிடத் தடுத்து நிறுத்துவதே அங்கே கடினம்.

ஐந்தாவது, சேமம். காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறிது கம்பி, கயிறு ஆகியவை இன்றைய சேம அச்சுகள். காற்று முற்றிலும் இறங்கிவிட்டால், டயருக்குள் வைக்கோலையோ பழந்துணியையோ திணித்து மேலும் சில கிலோமீட்டர் செல்ல இயலும்.

ஏற்றும் முறையும் விடும் முறையும்

முதலில் நடக்க இயலாதவர், அடுத்து நீர், பின்னர் மருந்தும் உணவும், அதன்பின் மழையையும் குளிரையும் தடுக்கும் தார்ப்பாயும் போர்வையும். குடும்ப அட்டை, ஆதார், பட்டா, கல்விச் சான்றிதழ்கள் ஆகியவற்றை நெகிழிப் பையில் இட்டு, வண்டியில் வைக்காமல் ஒருவர் தம் உடலோடு கட்டிக்கொள்ள வேண்டும். வண்டி கவிழலாம், நீரில் அடித்துச் செல்லப்படலாம், உடலோடு உள்ளது தப்பும்.

வண்டியையே நாடக்கூடாத வேளைகளும் உண்டு. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையால் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்சரிவு ஏற்பட்டது. அடிவாரக் குடியிருப்பில் குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர். மண்சரிவும் திடீர் வெள்ளமும் மூட்டை கட்டுவதற்கு நேரம் தருவதில்லை. எச்சரிக்கை வந்தவுடன் வெறுங்கையுடன் வெளியேறுவதே அங்கு அறிவுடைமை. ஓடும் வெள்ளத்தில் வண்டியை இறக்குவதும் கேடு தரும். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகிய எண்களை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

நிறைவாக

அந்த ஐவர் குடும்பத்தின் கணக்கு இப்போது தீர்கிறது. பாட்டியும் நீரும் அச்சின்மேல் அமர, 75 கிலோ சக்கரத்துக்குச் செல்கிறது. எஞ்சிய 36 கிலோவில் குழந்தையைத் தாய் சுமப்பார். உணவையும் போர்வைகளையும் மற்ற இருவரும் பகிர்ந்துகொள்வர். தந்தையும் மகளும் மாறிமாறி வண்டியை இழுப்பர். இருபது கிலோமீட்டர் ஒரு பகலில் கடக்கக்கூடிய தொலைவாகிறது.

இக்கணக்கைத் தீர்த்தவை இரண்டு சக்கரங்களும் சில கழிகளும் மட்டுமல்ல. எதை விடலாம், யாரை விடக்கூடாது என்று புறப்படுமுன்னரே செய்த முடிவும் ஆகும். நல்ல மரத்தில் செய்த வண்டியும் வழியில் உடையக்கூடும். உடைந்த வண்டியை விட்டுச் செல்லலாம். அதில் அமர்ந்திருந்தவரை அடுத்தவரின் தோள் ஏற்றுக்கொள்ளும். அந்த உறுதியே இடப்பெயர்வின் எல்லா வண்டிகளுக்கும் சேம அச்சாக இருந்துவந்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தினர் இரண்டு நாள் நடந்து செல்ல நேர்ந்தால் வேண்டிய பொருள்களையும் அவற்றின் எடையையும் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றை விட்டுச் செல்வீர் என்பதைக் காரணத்துடன் வகுப்பில் எடுத்துரைக்க.

2. உங்கள் ஊரில் பயன்படும் தள்ளுவண்டி, மாட்டுவண்டி ஆகியவற்றின் உறுப்புப் பெயர்களை வண்டி செய்யும் தச்சர்களிடமும் உழவர்களிடமும் கேட்டுத் தொகுக்க.

3. பர்மாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இடம்பெயர்ந்து வந்தவர்கள் உங்கள் பகுதியில் வாழ்ந்தால், அவர்கள் விரும்பினால் மட்டும், தம்முடன் எடுத்துவந்த பொருள் ஒன்றைப் பற்றி அவர்கள் கூறுவதைக் கேட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

4. ‘சக்கரம் சுமையைக் குறைப்பதில்லை’ என்னும் கருத்தை, இப்பாடத்தில் இடம்பெற்ற இரண்டு வரலாற்று நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.